தண்டபாணியின் குறையற்ற முழங்கால்

செகந்திராபாத்துக்குப் பக்கத்தில் நாச்சாரத்தில் இருக்கும் எங்கள் தக்காண அரசு வார்ப்பாலை, லிஃப்டுகளைத் தாங்கும் இரும்புக் கொக்கிகளை முப்பத்தெட்டு ஆண்டுகளாக வார்த்து, நாட்டின் மேல்மாடிவாசிகளுக்கு அரும்பணி ஆற்றி வருகிறது. அந்த ஆலையின் மூன்று மாடிக் கட்டடத்தில் மனிதர்கள் ஏறிப் போக லிஃப்ட் கிடையாது. இதில் வியக்க ஒன்றுமில்லை. எங்கள் தெரு மிட்டாய்க் கடைக்காரருக்குச் சர்க்கரை வியாதி. அவர் மிட்டாயைத் தொடுவதில்லை.

சரக்கு லிஃப்ட் ஒன்று உண்டு. அதன் கதவில், "படத்தில் ஏற்கப்பட்ட பொருட்களுக்கு மட்டும். ஆட்கள் ஏறுவது தண்டனைக்குரியது" என்று தெலுங்கிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது. ஆட்களுக்குப் படிக்கட்டு இருக்கிறது. அறுபத்திரண்டு படிகள். எண்ணிச் சொன்னவர் தண்டபாணி.

என் பெயர் துரைராஜ். எஸ்டாப்ளிஷ்மென்ட் பிரிவில் சீனியர் அசிஸ்டென்ட். இந்த விவகாரத்தில் பிறந்த கடிதம், பதில் கடிதம், நினைவூட்டல், ஆணை எல்லாவற்றையும் தட்டச்சு செய்தவன் நான்தான். ஆகவே நடந்த எதற்கும் நான் பொறுப்பல்ல என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

தண்டபாணி தாராபுரத்துக்காரர். இருபத்தைந்து வயதில் இங்கே வந்தார். இந்த விவகாரம் தொடங்கியபோது ஓய்வுக்குப் பதினான்கு மாதம் இருந்தது. அவர் வேலை, கொக்கிகளை எக்ஸ்ரே எடுத்த படங்களைப் பார்த்து, உள்ளே விரிசல், ஓட்டை உண்டா என்று சொல்வது. முந்தின நாள் படத்தில் தேறிய கொக்கிகளுக்குப் பச்சை அட்டை கட்டி, மறுநாள் காலை சரக்கு லிஃப்டில் மூன்றாம் மாடிக்கு அனுப்புவார்கள். அங்கே அவர் அட்டையில் முத்திரை குத்துவார். குத்தினால் கொக்கி லிஃப்டைத் தாங்கும். குத்தாவிட்டால் மறுபடி உலைக்குப் போகும்.

முத்திரைக்கு இத்தனை மதிப்பு வந்ததற்கும் அவர்தான் காரணம். அந்தக் காலத்தில் உலைப்பிரிவு மேஸ்திரிகள் படத்தை நம்ப மாட்டார்கள். சுத்தியலால் கொக்கியைத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "இது நல்லா பாடுது, அது தொண்டை கட்டியிருக்கு" என்று தீர்ப்பு சொல்வார்கள். தினமும் சண்டை. சகிக்க முடியாமல் தண்டபாணி ஒரு நாள் உட்கார்ந்து பதினேழாம் எண் விதியை எழுதினார். "படம் எடுத்த பின் பொருளைத் தொடுவதோ, தட்டுவதோ, தடவுவதோ, அது குறித்து அபிப்பிராயம் தெரிவிப்பதோ கூடாது. படத்தில் குறை இல்லையேல் பொருளில் குறை இல்லை." மேலிடம் மெச்சிப்போய் அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தது. விதியைச் சட்டம் போட்டு ஒவ்வொரு அறையிலும் மாட்டினார்கள். கேன்டீனில்கூட ஒன்று தொங்குகிறது. அதன் கீழே உட்கார்ந்துதான் நாங்கள் உப்புமாவைக் குறை சொல்வோம்.

சென்ற வருட ஜனவரியில் ஆலையின் விளையாட்டு விழா நடந்தது. கயிறு இழுக்கும் போட்டியில் உற்பத்திப் பிரிவு ஒரு பக்கம், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு ஒரு பக்கம். தண்டபாணி காலை ஊன்றி இழுத்தார். ஊன்றிய கால் அப்படியே நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. இடது முழங்காலில் டக்கென்று ஒரு சத்தம். எதிரணிக்காரர்களுக்கே கேட்டு, கயிற்றை விட்டுவிட்டார்கள். விதிப்படி அவர்கள் தோற்றதாக அறிவிக்கப்பட்டு, தண்டபாணிக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் கிடைத்தது.

அன்றிலிருந்து அந்தக் கால் சொன்னபடி கேட்கவில்லை. படியேறினால் முப்பதாம் படி வரை வரும். அதற்கு மேல் ஏதாவது ஒரு படியில், மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். அவர் அங்கேயே உட்கார்ந்து, இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்து ஆட்டி ஆட்டித் திறப்பார். முகமெல்லாம் வியர்த்துவிடும். இறங்கும்போது மறுபடி இதே கூத்து. ஒரு நாள் பிடிமானம் தவறி ஐந்து படி உருண்டார்.

"துரைராஜு, எனக்குப் பெருசா ஒண்ணும் வேண்டாமுங்க," என்றார் என்னிடம். "கீழ்த்தளத்துல ஒரு நாற்காலி போட்டா போதும். படத்தைக் கீழயே பார்த்துக்கறேன். இன்னும் பதினாலு மாசம் இந்தப் படியில ஏறினா, நான் ஓய்வூதியம் வாங்கறதுக்குள்ள மண்டை உடைஞ்சு போயிருவேன்."

நியாயமான கோரிக்கை. நியாயமான கோரிக்கைகளுக்கென்று எங்களிடம் பன்னிரண்டு பக்கப் படிவம் ஒன்று உண்டு. அதன் ஒன்பதாம் பக்கத்தில், "வலி: ஸ்கேன் அறிக்கையின்படி" என்று ஒரு கட்டம். ஆகவே அவர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து வந்தார். குழாய்க்குள் அரைமணி நேரம் அசையாமல் கிடந்தாராம். உலைப்பிரிவைப் போல இரைச்சலாம். அறிக்கை இரண்டே வரி: ஜவ்வு, தசைநார், எலும்பு யாவும் நார்மல். குறிப்பிடத்தக்க குறை இல்லை.

எங்கள் ஆலை மருந்தகத்துக்கு வாரம் மூன்று நாள் வரும் டாக்டர் ரோஸ்லின் இளம்பெண். நாகர்கோவிலில் இருந்து வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அதனால் ஆலையின் நடைமுறைகள் பிடிபடவில்லை. அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, தண்டபாணியைப் படுக்க வைத்து, காலை மடக்கி, பாதத்தை உள்ளும் வெளியும் திருப்பி, விரலை மூட்டு ஓரத்தில் வைத்து அழுத்தினார். தண்டபாணி "ஐயோ" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். உள்ளே ஏதோ சொடுக்கியது எனக்கே கேட்டது.

"ஜவ்வு கிழிஞ்சிருக்கு," என்றார் டாக்டர். "கிழிஞ்ச துண்டு இடையில மாட்டிக்கிறதுனாலதான் பூட்டுது."

"படத்துல நார்மல்னு போட்டிருக்குதுங்களே?" என்றார் தண்டபாணி.

"படம் நல்ல சாட்சிதான். ஆனா எல்லா நேரமும் எல்லாத்தையும் பார்த்திருக்காது. சில கிழிசல் அதுல விழாது. கையால பாக்கணும், ஆளைக் கேக்கணும், படத்தையும் பாக்கணும். மூணையும் சேர்த்துத்தான் முடிவு சொல்லணும்."

இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் படிவத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். கையால் பார்த்ததை எழுதக் கட்டம் எங்கும் இல்லை. வேறு வழியின்றிப் பன்னிரண்டாம் பக்கத்தில் "இணைப்புகள், இருந்தால்" என்ற இடத்தில் செருகி வைத்தேன்.

இங்கே இன்னொரு முழங்காலை அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது. அது தரக்கட்டுப்பாட்டுத் துணை மேலாளர் அனந்தகிருஷ்ணனுடையது. ஏ.எஸ்.ராவ் நகரில் குடியிருக்கிறார். அந்தப் பக்கம் காலை நடைப் பயிற்சிக்காரர்களிடையே ஒரு புது நாகரிகம் பரவியிருந்தது. முன்பெல்லாம் யார் பிள்ளை எந்த நாட்டில் என்று பேசிக்கொண்டு நடந்தவர்கள், இப்போது யாருக்கு எந்த ஸ்கேனில் என்ன வந்தது என்று பேசிக்கொண்டு நடந்தார்கள். கல்யாண நாளுக்குக் கணவனும் மனைவியும் ஜோடியாக ஸ்கேன் எடுத்துக்கொள்வது, பிறந்தநாளுக்கு மருமகள் மாமனாருக்கு முழு உடம்பு ஸ்கேன் கூப்பன் தருவது என்று வளர்ந்துவிட்டது. ஒன்றும் எடுக்காதவனைப் பார்க் பெஞ்சில்கூடச் சேர்ப்பதில்லை.

தினமும் எட்டு கிலோமீட்டர் ஓடுகிற அனந்தகிருஷ்ணனும் மானம் காக்க ஒன்று எடுத்தார். வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்திருப்பதாக அறிக்கை வந்தது. மனிதர் அதைப் பட்டமளிப்புச் சுருளைப் போலப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆலைக்குக் கொண்டுவந்து காட்டினார்.

"வலிக்குதா சார்?" என்று கேட்டேன்.

"எனக்கு வலி இல்லை ஓய். ஆனா ஸ்கேன்ல வலி இருக்கு," என்றார்.

அன்று மதியமே நொண்ட ஆரம்பித்தார். போகும்போது வலது காலையும் வரும்போது இடது காலையும் இழுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இல்லாத வலியை எந்தக் காலில் வைத்துக்கொள்வது என்று யாருக்குத்தான் தெரியும்?

இரண்டு மனுக்களும் ஒரே நாளில் மருத்துவக் குழு முன் வந்தன. கீழ்த்தளத்தில் காலியாக இருந்த அறை ஒன்றுதான். குழுவின் தலைவர் டாக்டர் சுதர்சன், செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக வேரூன்றிய தமிழர்; பேச்சில் அந்த ஊர் உருது கலந்து வரும். உறுப்பினர்கள் டாக்டர் ரோஸ்லினும் அனந்தகிருஷ்ணனும். தன் மனு எடுக்கப்பட்டபோது அனந்தகிருஷ்ணன் நேர்மை கருதி எழுந்து, டீ குடிக்க வெளியே போனார். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் அவருக்குக் கீழ்த்தள அறை, சாய்வு நாற்காலி, கால் வைக்க முக்காலி மூன்றும் அனுமதிக்கப்பட்டன. அறிக்கையில் கிழிசல் என்று தெளிவாக இருந்ததால் விவாதம் தேவைப்படவில்லை.

"சார், அவரு தினமும் ஓடுறாரு," என்றார் ரோஸ்லின். "ஐம்பது தாண்டினவங்களுக்கு வலியே இல்லாம இந்த மாதிரிக் கிழிசல் படத்துல தெரியறது சகஜம்."

"ஹவ் ஹவ், ஆமா. அவரு தைரியசாலி. அதான் வலியைக் காட்டிக்கல," என்றார் தலைவர்.

அடுத்து தண்டபாணியைக் கூப்பிட்டார்கள். குழு கூடியதும் மூன்றாம் மாடியில்தான். வாசலுக்கு வந்தவரின் முழங்கால் அங்கேயே பூட்டிக்கொண்டது. கொக்கு மாதிரி ஒற்றைக் காலில், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உக்காருங்க," என்றார் தலைவர்.

"முடியலீங்க. பூட்டிக்கிச்சு."

தலைவர் அறிக்கையை எடுத்து மறுபடி படித்தார். "இதுல அப்படி இல்லியே."

"காலுல இருக்குதுங்க."

"நீங்க சொல்றதை நான் நம்பறேன் தண்டபாணி. ஆனா குழு நம்பணும்னா காகிதம் வேணும்."

ரோஸ்லின் எழுந்து போய் அந்தக் காலைத் தொட்டுக் காட்ட முயன்றார். தலைவர் தடுத்தார். "நக்கோ, டாக்டரம்மா. தொடாதீங்க. தொட்டா அது உங்க அபிப்பிராயம் ஆயிடும். ஆளு ஒரு கட்சி, நீங்க ஒரு கட்சி. படம் எந்தக் கட்சியிலயும் சேராது."

"கண்ணு முன்னாடி மடங்கி நிக்குது சார்."

"கண்ணால பாக்கறதுக்கு நாம என்ன ஸ்கேன் மெஷினா?"

குழு மனிதாபிமானத்தோடு இன்னொரு ஸ்கேனுக்கு உத்தரவிட்டது. அதுவும் நார்மல் என்று வந்தது. முன்பு ஒரு சாட்சி; இப்போது இரண்டு. தண்டபாணியின் முழங்கால், ஆலையிலேயே இருமுறை சோதித்துக் குறையற்றது என்று நிரூபிக்கப்பட்ட ஒரே முழங்கால் ஆயிற்று. குறையற்ற முழங்காலுக்கு வைத்தியச் செலவு அனுமதிக்க விதியில் இடம் இல்லை என்றும் எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

இரண்டாம் விசாரணையில் தண்டபாணி கொஞ்சம் குரலை உயர்த்தினார். "படத்துல வராட்டி வலி இல்லேன்னு ஆயிருமுங்களா? எந்த மடையன் சொன்னான்?"

அனந்தகிருஷ்ணன், கூட்டத்துக்காகக் கீழிருந்து கொண்டுவரப்பட்ட தன் முக்காலியிலிருந்து காலை இறக்கி, சுவரைக் காட்டினார். அங்கே பதினேழாம் எண் விதி சட்டத்துக்குள் தொங்கியது. "கீழே இருக்கிற கையெழுத்து உம்மோடதுதானே?"

தண்டபாணி அதைப் படித்துப் பார்த்தார். "என்னோடதுதானுங்க," என்றார்.

எனக்கு அந்த அறையில் உட்காரவே கூச்சமாக இருந்தது. மனு தள்ளுபடி என்று எழுதினேன்.

அன்று அவர் படியிறங்க இருபது நிமிடம் ஆனது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தவரின் கண் கலங்கியிருந்தது. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. முப்பது வருடம் விதிகளோடு குடித்தனம் நடத்தியவனுக்கு எப்போதாவது இப்படித் தோன்றும்.

"சரக்கு லிஃப்டுல போங்களேன்," என்றேன்.

"ஆளுக ஏறக்கூடாதுங்களே."

"ஆளா ஏறினாத்தானே தண்டனை? படத்தில் ஏற்கப்பட்ட பொருளா ஏறுங்க. உங்களுக்குத்தான் ரெண்டு படம் இருக்கே."

மறுநாள் குறிப்பு எழுதினேன். மேற்படி முழங்கால் இருமுறை படம் எடுக்கப்பட்டு ஏற்கப்பட்டது; அது தனியே பயணிக்க இயலாததால் அதனுடன் இணைந்த பாகங்களையும் அனுமதிக்க வேண்டும். மேலிடம் விதிக்கு முரண்பாடு எதுவும் காணாமல் கையெழுத்திட்டது. தண்டபாணியின் சட்டைப் பொத்தானில் ஒரு பச்சை அட்டை கட்டப்பட்டது. லிஃப்ட் பதிவேட்டில் தினமும் காலை, "கொக்கி அறுபத்து நான்கு, முழங்கால் ஒன்று" என்று பதிவாகும்.

இருபத்தோரு நாள் நிம்மதியாகப் போயிற்று. அவர் முகத்தில் சிரிப்புகூட வந்தது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அட்டையை ஆட்டிக் காட்டுவார்.

இருபத்திரண்டாம் நாள் லிஃப்ட் இரண்டாம் மாடிக்கு மேலே சற்றுக் குலுங்கியது. தண்டபாணி தடுமாறி, பக்கத்தில் இருந்த கொக்கியைப் பிடித்துக்கொண்டார். கையுறை இல்லாத வெறுங்கை. அவருடைய விதி வந்த நாள் முதல் படம் எடுத்த கொக்கியை வெறுங்கையால் யாரும் தொட்டதில்லை, அவர் உட்பட. கொக்கியின் வளைவில் கட்டைவிரல் எதிலோ தட்டியது. மறுபடி தடவினார். தலைமுடி மாதிரி மெல்லிய ஒரு கோடு.

மேலே போய் அந்தக் கொக்கியின் படத்தை விளக்கின் மேல் வைத்துப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. சாய்த்துப் பார்த்தார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பிறகு மற்ற கொக்கிகளையும் தடவினார். பதினொன்றில் அதே இடத்தில் அதே கோடு. எல்லாம் ஒரே நாள் உலையில் வார்த்தவை.

எனக்கு ஆள் அனுப்பினார். நான் அறுபத்திரண்டு படி ஏறிப் போனேன். என் விரலைப் பிடித்து வளைவில் வைத்தார். தட்டியது.

"விரிசல் எக்ஸ்ரே கதிருக்குக் குறுக்கே படுத்திருந்தா படத்துல தெரியாதுங்க," என்றார் மெதுவாக. "இது எனக்கு அப்பவே தெரியும். சண்டை ஓயட்டும்னு எழுதாம விட்டுட்டேன். அந்த மேஸ்திரிக தட்டிப் பார்த்தது ஒண்ணும் பைத்தியக்காரத்தனம் இல்லீங்க."

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"முத்திரை குத்த மாட்டேன். இதுல மனுசங்க தொங்குவாங்க."

கையால் தடவியதில் விரிசல் கண்டதாக ஒரு குறிப்பு எழுதி, துணை மேலாளருக்கு அனுப்பினார். அனந்தகிருஷ்ணன் சாய்வு நாற்காலியில் இருந்தபடியே என்னைக் கூப்பிட்டார்.

"படத்துல இருக்கா?"

"இல்லை சார்."

"அப்போ கொக்கியில எப்படி இருக்கும்?"

"நானும் தொட்டுப் பார்த்தேன் சார். விரல்ல தட்டுது."

"நீரும் தொட்டீரா?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதை யார்கிட்டயும் சொல்லாதேயும். உம்ம நல்லதுக்குத்தான் சொல்றேன்."

எனக்கும் பென்ஷனுக்கு மூன்று வருடம் இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஏற்கப்பட்ட பொருளைத் தொட்டது, தடவியது, அபிப்பிராயம் தெரிவித்தது என்று மூன்று குற்றங்கள் தண்டபாணி மேல் சுமத்தப்பட்டன. விசாரணையில் அவர் ஒன்றும் மறுக்கவில்லை. பன்னிரண்டு கொக்கிகளையும் அறுத்துப் பாருங்கள் என்று மட்டும் கேட்டார். குறையற்ற பொருளை அறுப்பது அரசுச் சொத்துக்குச் சேதம் என்று பதில் வந்தது. டாக்டர் ரோஸ்லின் தாமாகவே ஒரு கடிதம் எழுதினார்: "தண்டபாணியின் விரலை நம்பலாம்." அவர் இப்போது ஆலைக்கு வருவதில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

தண்டனை ஆணையையும் நான்தான் தட்டச்சு செய்தேன். படம் பார்க்கும் பொறுப்பிலிருந்து தண்டபாணி விடுவிக்கப்படுகிறார். முத்திரை வேறொருவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. மேற்படியார் உடனடியாகக் கீழ்த்தளத்துக்கு மாற்றப்படுகிறார்.

கீழ்த்தளத்தில் நாற்காலியே இல்லை என்று எட்டு மாதமாக எழுதிவந்த ஆலையில், ஒரே பகலில் நாற்காலி முளைத்தது. சரக்கு வெளியே போகும் வாயிலருகே உட்கார்ந்து, எண்ணிப் பார்த்துச் சீட்டுக் கிழிப்பது அவருடைய புது வேலை. முதல் நாளே, அந்தப் பன்னிரண்டும் சேர்த்து அறுபத்து நான்கு கொக்கிகள் முத்திரையோடு வந்தன. அவர் அவற்றையே பார்த்துக்கொண்டு இருந்தார். சீட்டைக் கிழிக்கக் கை வரவில்லை. காவலாளி வந்து அவர் கையிலிருந்து சீட்டை வாங்கித் தானே கிழித்துக்கொண்டான். லாரி போய்விட்டது.

"நாற்காலி கிடைச்சிருச்சுங்க," என்றார் தண்டபாணி என்னிடம்.

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. மல்லாபூரில் எங்கள் அடுக்குமாடிக்குப் பழைய லிஃப்டைக் கழற்றிவிட்டுப் புதியது போட்டிருக்கிறார்கள். திறப்பு விழாவில் தேங்காய் உடைத்து லட்டு கொடுத்தார்கள். மேலே எட்டிப் பார்த்தேன். கொக்கியில் எங்கள் ஆலையின் பச்சை அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. எந்த நாள் உலையில் வார்த்தது என்று கீழிருந்து தெரியவில்லை.

நான் ஐந்தாம் மாடியில் இருக்கிறேன். ஒரு வாரம் படியேறிப் பார்த்தேன். இடது முழங்காலில் பிடித்துக்கொண்டது. ஸ்கேன் எடுத்தேன், நார்மல். அதனால் இப்போது லிஃப்டில்தான் போகிறேன். அதுவும் படத்தில் நார்மல்தான்.